பூனாவிலிருந்து ஒரு ஜெனரல் மேனேஜர்

டைப் அடிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு டைப்ரைட்டர், பாதி நாள் செத்துக் கிடக்கும் ஒரு டெலிபோன். நடத்தியவர் மதராஸில் ஒரு லாரி கம்பெனியில் ஆள் எடுக்கிற பெர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை சார் என்பேன். கம்பெனிகளின் பெரிய உத்தியோகங்களுக்கு ஆள் தேடிக் கொடுப்பது அவர் தொழில்.

"கீழ் வேலைக்கு நாம தேட வேண்டாம்மா. கேட்டுக்கு முன்னாடி தானா வந்து நிப்பாங்க. மேல் வேலைக்குத்தான் தேடிப் போகணும். நல்ல நாற்காலியில சௌகரியமா உக்காந்திருக்கிறவனை எழுப்பிக் கூட்டிட்டு வரணும்" என்பார்.

சாருக்கு முட்டி வலி. மாடிப்படி இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று இறங்காமலே இருந்துவிடுவார். அதனால் இறங்கிப் போகிற வேலையெல்லாம் மெல்ல என்னிடம் வந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. பி.காம். முடித்துவிட்டு வில்லியனூர் வீட்டில் கல்யாணத்துக்காகக் காத்திருந்த காலத்தில் கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்து நடந்தே எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. அத்தா, அதாவது அப்பா, சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் வேலைக்குப் போகட்டும் என்று சொன்னது அவர்தான். அம்மாவின் தங்கையான சாச்சிதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்: "ஊரு ஊராப் போய் ஆம்பளைங்களைத் தேடறா. அவளுக்கு ஒருத்தன் கெடைக்க மாட்டேங்கறான்."

வில்லியனூருக்கு மேற்கே அப்போது பொட்டல் நிலங்களில் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. வரிச் சலுகை உண்டு என்பதால் வெளியூர் முதலாளிகள் வந்து இடம் வாங்கினார்கள். அப்படி வந்தவர் மதராஸ்காரர் ஒருவர். ஜப்பான்காரர்களோடு சேர்ந்து இங்கே புது மோட்டார் சைக்கிள்கள் செய்யப்போகிறார்கள், அவற்றுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் வேண்டும், அதைச் செய்து கொடுக்கிற ஃபேக்டரி இது என்றார். அதாவது வண்டியில் தீப்பொறி கிளப்புகிற சின்னப் பெட்டி. அதற்கு இன்ஜினும் தெரிந்த, எலக்ட்ரானிக்ஸும் தெரிந்த ஒரு ஜெனரல் மேனேஜர் வேண்டும். இன்ஜின் தெரிந்தவர்கள் மதராஸில் நிறைய இருந்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். இரண்டும் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் யாருக்கும் வில்லியனூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

முதலில் பம்பாயிலிருந்து ஒருவர் வந்தார். கோட்டு போட்டிருந்தார். சார் என்னைத்தான் கூட அனுப்பினார். சுவர் மட்டும் எழும்பி, கூரை போடாத கட்டடத்தைக் காட்டினேன். மழை பெய்து ஓய்ந்த நாள். உள்ளே முழங்கால் தண்ணீர் நின்றது. ஒரு எருமை அதில் படுத்திருந்தது. அவர் அந்த எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் டென்னிஸ் ஆடுகிற கிளப் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அன்று சாயங்காலமே மதராஸுக்கு வண்டி ஏறிவிட்டார்.

அடுத்து பெங்களூர்க்காரர். அவருக்கு எல்லாம் பிடித்தது. சரி என்று சொல்லிப் போனவர், ஊருக்குப் போய், மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று தந்தி அடித்தார். முதலாளி டெலிபோனில் கத்தியது டைப்ரைட்டர் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. சார் டெலிபோனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கிடைக்கலேன்னா மதராஸ்ல வேற ஏஜென்சிகிட்ட போயிடுவாராம்" என்றார்.

எனக்கு அன்றிலிருந்து எதிலும் மனம் ஊன்றவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தேன். உங்க ஊர்ல வெளியூர் போய்ப் பெரிய கம்பெனியில இருக்கறவங்க யாராவது உண்டா? திருக்கனூர் சந்தையில், வில்லியனூர் ரயிலடியில், எங்கே போனாலும் இதே கேள்வி. நெல் மூட்டையோடு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மாப்பிள்ளை தேடுகிறேன் என்றே சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டு முக்கில் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக் இருந்தார். அத்தா கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர். அவரிடமும் கேட்டேன். புது மாடல் வண்டி பழக அவரைப் பூனாவுக்கு ட்ரெயினிங் அனுப்பியிருந்தார்கள்.

"அங்க ஒரு பெரிய ஆபீசரு. எங்களுக்கு இக்னிஷன் பத்தி கிளாஸ் எடுத்தாரு. எல்லாம் இங்கிலீஷு. நான் முழிச்சிகினு இருந்தேன். கிளாஸ் முடிஞ்சதும் என்னாண்ட வந்து, 'எந்த ஊருபா'ன்னாரு. தவளக்குப்பம்னேன். 'நான் பாகூர்டா'ன்னாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல."

"பாகூர்ல யார் வூடு?"

"அத்த சொல்லலியே. காலனின்னு மட்டும் சொன்னாரு."

அடுத்த பஸ்ஸிலேயே பாகூர் போனேன்.

காலனியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கூரை வீடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு தளம் போட்ட வீடு. மகன் பணம் அனுப்பிக் கட்டியது. வாசலில் ஒரு பெரியவர் மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார். வெற்றுடம்பு. முழங்கால் வரை காய்ந்த சேறு.

"இன்னாமா, யாரு நீ? எந்த ஊரு?"

சொன்னேன்.

"சைக்கிள் கடை பாய் பொண்ணா? ஒக்காரு, ஒக்காரு." தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, நான் தண்ணீரைக் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். குடித்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். மகனுக்கு இங்கேயே, பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், ஒரு ஃபேக்டரிக்கே தலைவராக வேலை. அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் மண்வெட்டியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தட்டினார்.

"அந்தக் கம்பெனியில எங்க பண்ணையாரும் கூட்டு. தெரியுமா உனுக்கு?"

உள்ளூர் டைரக்டர் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பாகூர்ப் பக்கத்து நிலக்காரர் என்றும் தெரியும். அவருடைய பண்ணையில்தான் இந்தப் பெரியவர் சிறு வயதிலிருந்து உழைத்தார் என்பதோ, இப்போதும் அவருடைய நிலத்தைத்தான் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார் என்பதோ தெரியாது.

"அவன் எங்கனா தூர தேசத்துல பெரிய ஆளா கீறான். எனுக்கு அது போதும். இங்க வந்து அவுரு எதுர்ல நாற்காலி போட்டு ஒக்காரணும்னு இன்னா கீது? வேணாம். அவன் கேட்டாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

"அவரையே ஒரு தடவை பாத்துக் கேட்டுடறேன். எப்ப வருவார்?"

காம்பை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். "ஆடியில வீராம்பட்டினம் தேருக்கு வருவான். பொண்டாட்டி புள்ளையோட. வருசா வருசம் வந்துருவான்" என்றார், சொல்லியிருக்கக் கூடாதோ என்கிற குரலில்.

பூனாவுக்குக் கடிதம் எழுத முடியாது. ஆள் தேடுகிற ஆபீசிலிருந்து உறை வந்தால் அங்கே யாராவது பிரித்துப் பார்ப்பார்கள், அவர் வேலைக்கு ஆபத்து. ஆடி வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். சார் முதலாளியிடம், ஒரு நல்ல ஆள் இருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி நாள் கடத்தினார். எனக்கு அந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. வேறு ஏஜென்சி முந்திக்கொண்டால்? அவர் இந்த வருஷம் வராமல் போனால்? பஸ் நிற்கும் முன்பே இறங்கி, ஒரு தரம் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். சாச்சி மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே திட்டினார்.

தேர் நாள் காலையில் வீராம்பட்டினத்தில் கால் வைக்க இடமில்லை. கவர்னர் வந்து வடம் தொட்டுவிட்டுப் போன பிறகு கூட்டம் பாய்ந்து வடத்தைப் பிடித்தது. அடையாளத்துக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெரியவரின் முகம்தான். வேப்பிலையும் வியர்வையும் கருவாடும் கலந்த வாசனையில் முட்டி மோதிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் கடற்கரையில், மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் பெரியவரைப் பார்த்தேன். பக்கத்தில் பேன்ட்டைச் சுருட்டி விட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். அதே தாடை. அவர் மகள் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேர்ப் பக்கம் நடந்துவிட்டார். போகும்போது மகனிடம், "அந்தப் பொண்ணு சொன்னேன் இல்ல, அதுதான்" என்றார்.

மகன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். என்ன பெட்டி, எந்த வண்டிக்கு, மாதத்துக்கு எத்தனை செய்யத் திட்டம், டெஸ்ட் செய்கிற மெஷின் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

"பூனாவுல உங்களுக்கு என்ன குறை?" என்று நானும் கேட்டேன். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி என்று சார் சொல்லிக் கொடுத்திருந்தார். குறையில்லாதவன் அசைய மாட்டான் என்பார்.

"குறைன்னு இல்ல. அங்க மேல இன்னும் ஒரு படி இருக்கு. அதுல மதராஸியை ஏத்த மாட்டாங்க. அது போகட்டும். இத்தனை வருஷம் யாரோ கட்டினதுல வேலை செஞ்சாச்சு. ஒண்ணைத் தரையிலேருந்து நாமே எழுப்பணும்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் மனைவி மதராஸ்காரர், டீச்சர். "இவர் அங்க நிம்மதியா இல்லைங்க. ஞாயித்துக்கிழமை கூட வீட்டுல உக்காரறதில்ல, கூண்டுக்குள்ள நடக்கற மாதிரி நடந்துட்டே இருப்பார்" என்றார். "ஆனா மாமாவுக்குப் பிடிக்கலியே. அதுக்கு என்ன பண்றது?"

"யோசிச்சுச் சொல்றேன். லீவு முடியற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றார் அவர்.

அது போதும் எனக்கு. மறுநாள் முதலாளியை வரச் சொன்னோம். காரில் வந்து இறங்கினார். கூடவே பண்ணையாரும் வந்தார். வெள்ளை வேட்டி, தங்கச் சங்கிலிக் கடிகாரம், மூச்சு வாங்கிக்கொண்டே மாடி ஏறிவந்தார். சார் பூனா ஆளின் படிப்பையும் அனுபவத்தையும் எடுத்துச் சொல்லச் சொல்ல முதலாளியின் முகம் தெளிந்தது.

"சொந்த ஊர் எது?" என்று பண்ணையார் கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரு மவன்?" என்றார். அதையும் சொன்னேன்.

முடிந்தது, கொண்டுவந்த ஆளும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் பண்ணையார் சிரித்தார். சந்தோஷமாகவே சிரித்தார்.

"அடடே, நம்ம பையன். அந்தக் காலத்துலயே நல்லா படிக்கிறான்னு சொல்லுவாங்க. போடுங்க, அவனையே போடுங்க. வெளியூர்க்காரன் வந்தா நம்ம பேச்சைக் கேக்க மாட்டான். இவன் நான் சொன்னா மறுபேச்சு பேச மாட்டான். இவன் அப்பன் இன்னிக்கும் என் நிலத்துல நிக்கிறான்."

முதலாளிக்கு நிம்மதி. சாருக்கும் நிம்மதி. சார் எனக்குக் கண்ணைக் காட்டினார், நீ பேசாதே என்று. அவர்கள் போன பிறகு, "சார், இதை அவர்கிட்ட சொல்லணும்" என்றேன்.

"எதை?"

"இவங்க எதுக்கு அவரை எடுக்கறாங்கன்னு."

"எடுக்கறாங்களே, அது போதாதா? ஆளைக் கொண்டுவந்து விடறதோட நம்ம வேலை முடிஞ்சுது. உள்ள என்ன நடக்குதுங்கறது நம்ம வேலை இல்லம்மா."

டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வரி ஒழுங்காக விழவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கிப் பாகூர் பஸ் பிடித்தேன். வழியெல்லாம், நான் செய்வது சரியா, இந்த ஆளும் போய்விட்டால் சார் என்னை வைத்திருப்பாரா என்று ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு முறை இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்துகூட நின்றேன். கண்டக்டர், "இன்னாமா, எறங்கறியா இல்லியா?" என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். பண்ணையார் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

பெரியவர் கையைத் தட்டில் வைத்தபடி மகனைப் பார்த்தார். "பாத்தியா? நான் இன்னா சொன்னேன்?"

மகன் சாப்பிட்டு முடித்தார். எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து துண்டில் துடைத்துக்கொண்டே, "அவர் என்ன நினைப்பார்னு எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவுலதானே வளர்ந்தேன். ஆனா நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நினைக்கலை" என்றார்.

"வேணாம்னு சொல்லிரு" என்றார் பெரியவர்.

"இன்டர்வியூ எப்போன்னு கேட்டுச் சொல்லுங்க. வரேன்" என்றார் அவர் என்னிடம். பெரியவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். மருமகள் அவர் தட்டை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தார்.

இன்டர்வியூ ஃபேக்டரியிலேயே நடந்தது. கூரை போட்டாகிவிட்டது. சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு முதலாளியும் பண்ணையாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாருக்குப் பதிலாகப் போயிருந்தேன். பெரியவரின் மகன் உள்ளே வந்ததும் பண்ணையார், "வாடா தம்பி, உக்காரு. அப்பா சொகமா?" என்றார்.

"நல்லா இருக்கார்" என்று சொல்லி உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. முதலாளி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பென்சிலால் படம் போட்டுப் பதில் சொன்னார். பெட்டிக்குள் ஈரம் போகாமல் எப்படி அடைப்பது என்பதைப் பற்றி இருவரும் மும்முரமாகப் பேசினார்கள். பண்ணையார் கொட்டாவி விட்டார். எல்லாம் முடிந்து, நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் முதலாளி.

"ஒண்ணு கேக்கணும். இங்க ஆள் எடுக்கறது யார் பொறுப்பு?"

முதலாளி பண்ணையாரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் உனக்கு எதுக்குடா கவலை? உள்ளூர் ஆளுங்களை நான் அனுப்பறேன். நீ மெஷினைப் பாத்துக்கோ" என்றார் பண்ணையார்.

"மெஷினைத் தொடற கையை நான்தான் பாத்து எடுக்கணும். கேட்மேன்லேருந்து எல்லாரையும். அப்படின்னா வரேன். இல்லேன்னா வேண்டாம், சார்." கடைசி வார்த்தையை முதலாளியைப் பார்த்துச் சொன்னார். பண்ணையார் பக்கம் திரும்பவே இல்லை.

முதலாளி, யோசித்துச் சொல்கிறோம் என்றார். வெளியே வந்ததும், வெயிலில் நின்று மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வாழ்க்கையிலேயே அவர் முன்னாடி இதுவரைக்கும் உக்காந்ததில்லை" என்றார். மறுநாள் குடும்பத்தோடு பூனாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. மதராஸுக்கு டிரங்க் கால் போட்டால் முதலாளி வெளியூர் என்றார்கள். சார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் பாகூர் போய்ச் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டது, நானே சொல்லிவிட்டேன். பிறகு ஒரு நாள் தாமாகவே, "பண்ணையாரோட காசும் அதுல இருக்கு. முதலாளியால அவரை விட முடியாதும்மா. வேற ஆள் பார்ப்போம்" என்றார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரோடு பேச ஆரம்பித்தோம். டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் சாருக்கு முந்தி நான் எடுத்தேன். அடிக்காதபோது ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

தீபாவளி கழிந்து ஒரு காலையில் முதலாளியே கூப்பிட்டார். மோட்டார் சைக்கிள் கம்பெனியிலிருந்து வந்தவர்கள், உற்பத்தியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பூனா ஆளின் பெயரைச் சும்மா சொல்லியிருக்கிறார். அவரை அவர்களுக்கு முன்பே தெரியும். அவர் இருந்தால் ஆர்டர் உண்டு என்றார்களாம்.

"ஆள் எடுக்கறதை அவரே பாத்துக்கட்டும். டைரக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் முதலாளி.

பொங்கலுக்குப் பிறகு அவர் பூனாவிலிருந்து வந்து சேர்ந்தார். புதுச்சேரியில் வீடு எடுத்துக்கொண்டார், மகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமே. பெண்களைத்தான் அதிகம் எடுக்கப் போகிறேன் என்றார். சின்னச் சின்னச் சாமான்களைப் பற்றவைக்கிற வேலை அது. ஆள் எடுத்த அன்று கேட்டுக்கு வெளியே திருவிழாக் கூட்டம். திருக்கனூர், பாகூர், வில்லியனூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். பண்ணையாரின் ஜீப்பும் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள், ஐயா அனுப்பினார் என்று சொல்லி நேராக உள்ளே வந்தார்கள். ஜெனரல் மேனேஜர் அவர்களையும் வெளியே வரிசையில் நிற்கச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே சோதனை. ஒரு கிண்ணத்தில் கொட்டியிருக்கும் சாமான்களை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். பண்ணையார் ஆட்களிலும் சிலர் நன்றாகச் செய்தார்கள், அவர்களை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஜீப்பில் ஏறித் திரும்பினார்கள்.

பண்ணையார் சத்தம் போடவில்லை. ஃபேக்டரிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்தபோது, ஒரு மத்தியானம் பெரியவரின் மகன் எங்கள் ஆபீஸ் மாடி ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"குத்தகை நிலத்தைத் திருப்பி வாங்கிட்டாங்க. அப்பா நேத்து நாத்து விடப் போனா, வேற ஆளு ஏர் ஓட்டிட்டு இருக்கான்."

சார் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இந்த வேலையை விட்டுடறேன். வேற எங்கேயாவது பாருங்க. ஹோசூர், பெங்களூர், எதுவா இருந்தாலும் சரி."

"நாங்களே கொண்டுவந்து வெச்ச ஆளை நாங்களே எடுத்துட்டுப் போக முடியாதுங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் எங்களை நம்பாது" என்றார் சார், தாழ்ந்த குரலில்.

"அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. அதுதான் தாங்க முடியலை. விடியக்காலை எழுந்திருச்சு வழக்கம்போல வரப்புக்குப் போறார். கரையில நின்னுட்டு வரார். போகாதேன்னா கேக்கறதில்ல."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலருகில் நின்றார். பிறகு, "முதல் லோடு அடுத்த வாரம் போகுது. அது போகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். லோடு போனது. அவர் விடவில்லை. அடுத்த லோடு, அதற்கடுத்தது என்று அந்த வருஷம் ஓடியது. வேலையை விடுவதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எப்படி என்று விசாரிப்பார்.

பெண்கள் நிறைய சேர்ந்த பிறகு அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெர்சனல் ஆபீசர் தேவைப்பட்டது. தேடித் தரச் சொல்லி எங்களிடம்தான் கேட்டார். இரண்டு பேரைக் கொண்டுபோனேன். அவர்களோடு பேசிவிட்டு, "உங்களை யாரும் தேடறதில்லையா?" என்றார். வீட்டில் சாச்சி, ஃபேக்டரி வேலைக்கா என்று நெஞ்சில் கை வைத்தார். அத்தா, "பஸ்ஸுல அலையறதுக்கு இது தேவலாம், பக்கத்துலதானே" என்றார். சார்தான் வருத்தப்பட்டார். என் நாற்காலியிலிருந்தே ஆளைத் தூக்கிட்டானே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததாம்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், வெளியே டீக்கடையில் ஒரு பெரியவர் காத்திருக்கிறார், உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். பாகூர்ப் பெரியவர். சட்டை போட்டிருந்தார்.

"உள்ள வாங்க. உங்க மகனோட ஃபேக்டரி."

"உள்ள வந்து நான் இன்னா பண்றது? அவனை வரச் சொல்லு."

மகன் வந்தார். சாப்பாட்டு நேரம், வேலை செய்கிற பெண்களெல்லாம் கேட்டருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜெனரல் மேனேஜரும் அவர் அப்பாவும் நின்றபடி டீ குடித்தார்கள். பெரியவர் சொல்ல வந்தது இதுதான்: கரிக்கலாம்பாக்கத்துப் பக்கம், வேறு ஒருவரிடம், மேட்டு நிலம் கொஞ்சம் குத்தகைக்குப் பிடித்துவிட்டார். நெல்லுக்கு ஆகாது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடலாம்.

"இந்த வயசுல எதுக்குப்பா? நான் மாசா மாசம் தர்றேன்ல" என்றார் மகன்.

"நீ ஏன்டா பூனாவுல சும்மா குந்திகினு இல்ல?"

பெரியவர் டீ டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மல்லாட்டை புடுங்கற அன்னிக்கு வாமா. பச்சையா அவிச்சித் தரச் சொல்றேன்" என்றார். பாகூர் பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் கூட நீட்டாமல், நடு ரோட்டில் போய் நின்று அதை நிறுத்தி ஏறிக்கொண்டார்.

பண்ணையார் பிறகு தம் பங்கை முதலாளிக்கே விற்றுவிட்டு, கடலூர் ரோட்டில் அரிசி ஆலை போட்டார். மகன் நான் அங்கிருந்த வரை ஃபேக்டரியில் இருந்தார். இன்னொரு கட்டடமும் எழுப்பினார். குத்தகை நிலம் போனதைப் பற்றி அவர் தம்மை மன்னித்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. நானும் வெகுநாள் அங்கே இருக்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆள் தேடுகிற மதராஸ் ஆபீஸ் ஒன்றிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். மல்லாட்டை பிடுங்குகிற வாரம் நான் எழும்பூரில் இறங்கி, கையில் பெட்டியோடு, எந்தப் பஸ் மவுண்ட் ரோடு போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.